மூன்று தட்டு

எவுசேபியோ கைவிளக்கைப் பல்லில் கவ்வியபடி
எஞ்சினுக்குள் தலையை நுழைத்தான்.
வெளியே எடுத்தபோது சிரித்தான்.
"குடும்பமே இருந்திருக்கிறது, ஆரின்."

காற்று வடிகட்டியின் மேல் கூடையளவு கூடு.
ஒயரின் உறையில் சோயா கலக்கிறார்களாம்,
அதற்கு அது அவித்த மொச்சை.
கடித்த இடங்கள் பதினேழு.
ரசீதில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது டாலர்.

மூட்டை எலி என்று பெயர்.
கண்டதைத் தூக்கும்.
தூக்கிய இடத்தில்
வாயிலிருந்ததைப் போட்டுவிட்டுப் போகும்.
திருட்டென்று புகார் கொடுக்க முடியாது,
கொடுக்கல் வாங்கல்.
நான் கழற்றி வைத்த நட்டு இருந்த இடத்தில்
மறுநாள் காலை
கொயோட்டியின் காய்ந்த விட்டை.

இந்த அரிசோனா முகாமில் ஆளுக்கொரு வைத்தியம்.
புதினா எண்ணெயில் நனைத்த பஞ்சு வைத்தேன்,
ஒரு வாரம் எஞ்சின்
சூயிங்கம் மென்ற வாயாய் மணந்தது.
அந்துருண்டை வைத்தேன்,
தலைவலி எனக்குத்தான் வந்தது.
இரும்புப் பஞ்சால் ஓட்டையை அடைத்தேன்,
பிய்த்துக் கொண்டுபோய் மெத்தை போட்டது.
இரவெல்லாம் ரேடியோவைப் பேசவிட்டேன்.
பக்கத்து வண்டி லியோட்டா கேட்டாள்:
"எலியை விரட்டுகிறாயா, படிக்க வைக்கிறாயா?"

விஷம் மட்டும் வேண்டாமென்றேன்.
மெஸ்கீட் மரத்தில் ஓர் ஆந்தை இருக்கிறது,
செத்த எலியைத் தின்று அதுவும் சாகும்.
"அப்படியென்றால் பானெட்டைத் திறந்து வை.
உள்ளே விளக்குச் சரம் மாட்டு.
இருட்டில்லாத இடத்தில் அது வீடு கட்டாது."
மாட்டினேன்.
பல் மருத்துவரிடம் வாய் பிளந்தவன்போல்
விடியும்வரை நின்றது வண்டி.

தனி வளை வேண்டுமென்றுதான்
நானும் வெர்லீனும் வீட்டை விற்று இதை வாங்கினோம்.
ஆறு டயர் மேல் ஒரு வளை.
வடக்கே போவதா இங்கேயே இருப்பதா
என்ற பேச்சு வளர்ந்து
அவள் ஐடஹோவுக்குப் பேருந்து ஏறினாள், அக்கா வீட்டுக்கு.
பதினான்கு மாதம் ஆகிறது.
நான் ஜெயித்தேன், இங்கேயே இருக்கிறேன்.
டயருக்குக் கீழே சரளைக்கல் குழிந்துவிட்டது.
ஞாயிறுதோறும் கூப்பிடுகிறாள்.
முதலில் எலியைத்தான் விசாரிப்பாள்.

பணத்தை எண்ணி வாங்கிய எவுசேபியோ
கையைத் துணியில் துடைத்துக்கொண்டே,
குத்திக்காட்டுவதற்காக இல்லை, சும்மா சொன்னான்:
"எண்ணெய், உருண்டை எதுவும் வேண்டாம்.
ஓடுகிற வண்டியில் எலி குடியிருக்காது."

அன்று மாலை கூட்டை நானே கலைத்தேன்.
முகமூடி, கையுறை,
தூசி பறக்காமலிருக்கப் பிளீச்சிங் தண்ணீர்.
இடுக்கியில் ஒவ்வொன்றாய் வந்தன:
சோயா கள்ளியின் முள்ளுருண்டைகள்
(அந்த சோயா வேறு, இது கடிக்கும்),
என் நட்டு,
லியோட்டாவின் நாயுடைய பெயர்த் தகடு,
பாதிப் பல்துலக்கி,
ஒரு சிவப்பு பிங்கோ வில்லை.
அடியில், வெர்லீனின் தலைமுடி சுருட்டும் ரோலர்.
ரோஜா நிறம்.
அவள் சாயம் பூசிய செம்பட்டையில்
இரண்டு முடி இன்னும் சுற்றியபடி.

எடுத்தால் ஒன்றை வைத்துவிட்டுப் போகும் பிராணி.
இதற்கு ஈடாக எதை வைத்தது?
கட்டிலுக்கடியில், அலமாரியில், அவள் இழுப்பறையில்,
வண்டி முழுக்கத் தேடினேன்.
ஒரு குச்சிகூட இல்லை.

இப்போது காலையில் பானெட்டை மூடி
அதன் மேல் மூன்று தட்டு தட்டுகிறேன்.
"யாராவது இருந்தால் இறங்கிக்கொள்ளலாம்."
இருபதுவரை எண்ணிவிட்டுச் சாவியைத் திருப்புகிறேன்.
முதல் நாள் இருமியது, இரண்டாம் நாள் இல்லை.
தண்ணீர்த் தொட்டிவரை மூன்று மைல்,
திரும்ப மூன்று.

நேற்று தொட்டியைத் தாண்டினேன்.
நெடுஞ்சாலைப் பலகையின் அம்புக்கு நேரே
எஞ்சினை அணைக்காமல் நின்றேன்.
டாஷ்போர்டில் ரோலர் அதிர்ந்து
மெல்ல நகர்ந்து
கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றது.

"இவ்வளவு நேரம் எங்கே போனாய்?" என்றாள் லியோட்டா.
பெட்ரோல் போட என்றேன்.
பங்க் தெற்கே இருக்கிறது,
அது அவளுக்கும் தெரியும்.